அடித்தகட்டுக்குப் போட்ட ஊறல்

என் வீட்டுப் பின்புறத்தில் ஊறல் இருந்தது உண்மை. அதை நான் எவரிடமும் மறுத்ததில்லை, இப்போதும் மறுக்கவில்லை. நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாயில் கறுத்த வெல்லத்தைக் கரைத்து, நானே என் கையால் போட்ட ஊறல் அது. அதில் ஊறிக்கொண்டிருந்தது என்ன என்று கேட்டிருக்க வேண்டியவர்கள் ஒருவரும் கேட்கவில்லை என்பதுதான் என் குறை.

எங்கள் வட்டாரத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான் என்பதை வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்வராயன் மலையின் ஓடைக்கரைகளில் சாராயம் காய்ச்சுகிறவர்கள் வெல்லத்தையும் மரப்பட்டையையும் தண்ணீரில் போட்டுப் புளிக்க வைப்பார்கள். அந்தப் புளித்த நீருக்கு ஊறல் என்று பெயர். காவல்துறையினர் மலையேறி அதைக் கண்டுபிடித்துத் தரையில் கவிழ்க்கும் படம் செய்தித்தாளில் அடிக்கடி வரும். சாராயத்தால் குடும்பங்கள் அழிந்ததைக் கண்ணெதிரே பார்த்த மக்கள் நாங்கள். ஆகவே அந்தச் சொல்லை இங்கே யாரும் விளையாட்டுக்குக் கூடச் சொல்வதில்லை. நானும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நான் வேதியியல் படித்துப் பட்டம் பெற்றவன். சர்க்கரை ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் என் பணிக்காலம் முழுவதையும் கழித்தேன். சர்க்கரை பிரிந்த பிறகு மிஞ்சுகிற கறுப்புப் பாகை மொலாசஸ் என்பார்கள். சாராயத்துக்கு அதைவிட நல்ல மூலப்பொருள் இல்லை என்பதால், அனுமதியில்லாமல் அது ஆலையை விட்டு வெளியே போகக் கூடாது. கேட்டு வந்தவர்கள் பலர். மாட்டுத் தீவனத்துக்கு என்றார்கள். செங்கல் சூளைக்கு என்றார்கள். அம்மன் கோயில் திருவிழாவைக் காரணம் காட்டியவரும் உண்டு. என் பொறுப்பில் இருந்தவரை ஒரு கரண்டி கூடப் போனதில்லை. பணி ஓய்வு நாளில் மாலை போட்டு மேடையில் பேசியவர்கள் எல்லாரும் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். நிலபுலன் சேர்க்காத எனக்கு அந்த வாக்கியமே சொத்து. அதை எவரும் தொட்டுப் பேச நான் அனுமதித்ததில்லை.

இனி காருக்கு வருகிறேன்.

பணியில் இருந்தபோது வாங்கிய வெள்ளை அம்பாசிடர் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. கரும்பு வயல்களுக்கும் மணலூர்பேட்டை ஆற்றோரத்து மண் பாதைகளுக்கும் சென்று சென்று பழகிய வண்டி. அதன் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய காலம் நெருங்கியது. வண்டியை நேரில் ஆய்வு செய்து, ஓடத் தகுதியானது என்று ஒப்புக்கொண்டால்தான் புதுப்பிப்பார்கள். மேலே பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாரம் தவறாமல் துடைத்து வைக்கிற வண்டி. கவலையெல்லாம் கீழே இருந்தது. இந்த வண்டிக்கு லாரிக்கு இருப்பது போல எடையைத் தாங்கும் தனியான இரும்புச் சட்டகம் கிடையாது. தரைத் தகடும், கதவுகளுக்குக் கீழே ஓடுகிற தகட்டுப் பெட்டிகளும் சேர்ந்துதான் மொத்த எடையையும் தாங்குகின்றன. தகடு துருப்பிடித்தால் வண்டியே இல்லை.

துருவுக்கு எங்கள் ஊரில் இரண்டே வைத்தியங்கள் உண்டு. முதலாவது, வாட்டர் சர்வீஸ் கடையில் வண்டியைத் தூக்கி நிறுத்திக் கீழே தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு, ஈரம் காய்வதற்குள் கழிவு ஆயிலைத் தெளிப்பது. அந்த ஆயில் மேல் தெருப்புழுதி ஒட்டி, புழுதி ஈரத்தைப் பிடித்து, துருவுக்கு நாமே மெத்தை போட்டுக் கொடுத்தது போலாகிவிடும். இரண்டாவது, தார் அடிப்பது. தியாகதுருகம் சாலையில் வண்டித் தகடு வேலைக்குப் பட்டறை வைத்திருக்கும் டிங்கர்தான் என் வண்டிக்குத் தார் அடித்தவர். அடித்தவரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பலகையில் படுத்து உள்ளே நகர்ந்து பார்த்துவிட்டு, படுத்த நிலையிலேயே பேசினார்.

"சார், ஒரு டின்னு தாரு காய்ச்சி அடிச்சி வுட்டா போதும். நம்ம ரெண்டு பேருக்கு அப்புறமும் நிக்கும்."

"இப்போது இருப்பதும் நீங்கள் அடித்த தார்தான்" என்றேன்.

"அது பழைய தாருங்க. இப்ப வர்றது வேற மாதிரி."

ஒரு திருப்புளியை வாங்கித் தாரின் ஓரத்தை நானே நெம்பினேன். ஆறிப்போன தோசையைப் போல முழுதாகக் கழன்று வந்தது. அதன் உட்பக்கத்தில் நீர் முத்து முத்தாக நின்றிருந்தது. தகடு செதில் செதிலாக உப்பியிருந்தது. மழைநீர் உள்ளே புகுந்தால் வடிந்து போவதற்காக, வண்டியைச் செய்தவர்களே அந்தத் தகட்டுப் பெட்டிகளின் அடியில் சிறு துளைகள் வைத்திருக்கிறார்கள். அத்தனை துளைகளும் தாரால் ஒழுங்காக அடைக்கப்பட்டிருந்தன. வெளியே போக வழியில்லாத நீர் உள்ளேயே கிடந்து தகட்டைத் தின்றிருக்கிறது.

"இதை ஏன் அடைத்தீர்கள்?"

"ஓட்டை தெரிஞ்சுது, அடைச்சேன். அடைக்காம வுட்டிருந்தா, இன்னாய்யா ஓட்டையக் கூடப் பாக்கலியான்னு நீங்கதான திட்டியிருப்பீங்க?"

திருப்புளியை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். வேறு டிங்கரிடம் போகலாம் என்றால், மற்றவர்கள் எல்லாரும் புது வண்டிகளுக்குப் பழகிவிட்டார்கள். அம்பாசிடரைக் கண்டால் சிரிக்கிறார்கள். இவர் சிரித்துக்கொண்டேயாவது செய்வார்.

ஆகவே வேலை முறையை நான் வகுத்தேன். கழற்றக் கூடிய பாகங்களை எல்லாம் கழற்றுவது. துருவைச் சுரண்டாமல் கரைத்து எடுப்பது. கழற்ற முடியாத தரைத் தகட்டைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் சுத்தம் செய்வது. பிறகு ரெட் ஆக்சைடு என்கிற செந்நிற அடிப்பூச்சு. அதன் மேல் பூச்சு. துருவைக் கரைக்க அமிலம் வேண்டாம் என்று தீர்மானித்தேன். அமிலம் நல்ல இரும்பையும் சேர்த்துத் தின்றுவிடும். வெல்லப்பாகில் உள்ள சில பொருள்கள் துருவை மட்டும் பற்றிக் கரைத்துவிட்டு இரும்பைத் தொடாமல் விடும். மெதுவான வேலை, ஆனால் சேதமில்லாதது. ஆலை மொலாசஸ் இதற்கு மிகப் பொருத்தம். அதைக் கேட்டுப் பெறுவது பற்றி நான் நினைத்துக் கூடப் பார்க்கவில்லை. மணலூர்பேட்டைப் பக்கம் வெல்லம் காய்ச்சும் கொட்டகை ஒன்றில், பதம் தப்பிக் கறுத்துப்போய் மாட்டுக்கென்று ஒதுக்கி வைத்த வெல்லத்தை வாங்கி வந்தேன்.

முறையை டிங்கருக்கு விளக்கியபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சுத்தி வளைச்சி இன்னா சார் சொல்லிக்கினு? ஊறல் போடப் போறேன்னு சொல்லுங்க!"

நான் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்தபோது சொல் சரியாகவே பட்டது. அவிப்பது அவியல், பொரிப்பது பொரியல், துவைப்பது துவையல் என்றிருக்கையில், ஊற வைப்பது ஊறலாக இருப்பதில் இலக்கணக் குற்றம் ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் பத்துச் சொல் போட்டுச் சொல்வதைத் தமிழில் ஒரு சொல்லில் சொல்ல முடியுமானால், யாரோ சிலர் அதைக் கெடுத்துவிட்டார்கள் என்பதற்காக நான் விட்டுக்கொடுப்பானேன்? அன்று முதல் நானும் ஊறல் என்றே சொன்னேன். இந்த நிலைப்பாட்டை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை.

வண்டியை வீட்டு முன்புறத்தில் ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தினோம். பட்டை ஸ்பிரிங்கைத் தாங்கும் தகடுகள், பம்பர் தாங்கிகள், பெட்ரோல் டேங்கைக் கட்டிப்பிடிக்கும் இரும்புப் பட்டிகள் எல்லாம் பின்புறத்துப் பீப்பாயில் இறங்கின. இரண்டொரு நாளில் கரைசல் நுரைக்கத் தொடங்கியது. வெல்லம் புளிக்கத்தான் செய்யும், அது வேதியியல். நாற்றம் வீட்டுக்குள் வந்தது, அதுவும் வேதியியல்தான். என் மனைவிக்கு அது புரியவில்லை.

"உங்க காருக்கு வைத்தியம் பண்றேன்னு எனக்கு வாந்தி வருது. கொழம்பு கொதிச்சா கூட அந்த நாத்தந்தான் அடிக்குது" என்றாள்.

"மூடி போட்டிருக்கிறேன்."

"மூக்குக்கு மூடி போட முடியுமா?"

ஓய்வூதியர் சங்கக் கூட்டம் அந்த வாரத்தில் வந்தது. திருமண மண்டபத்தில் உட்கார்ந்திருந்தோம். அகவிலைப்படி பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருக்கையில் என் கைப்பேசி ஒலித்தது. டிங்கர். என் வலது காது சற்று மந்தம். அதனால் நான் பேசும்போது குரல் உயர்ந்துவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். பாகங்களைப் பீப்பாயிலிருந்து எடுத்து இறக்க எப்போது வரட்டும் என்று அவர் கேட்டார். நான் தெளிவாக விடை சொன்னேன்.

"ஊறல் நன்றாகப் பொங்கி வருகிறது. நுரை அடங்கட்டும். இந்த வாரம் இறக்க வேண்டாம், அடுத்த வாரம் இறக்கலாம். நீங்கள் பின்வாசல் வழியாக வாருங்கள். முன்பக்கம் வண்டி நிற்கிறது."

பேசி முடித்து நிமிர்ந்தபோது அகவிலைப்படி பற்றிப் பேசியவரும் பேச்சை நிறுத்தியிருந்தார். என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் விளக்கியிருப்பேன். தேநீர் வந்தபோது என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்ததைக் கவனித்தேன். மின்விசிறிக் காற்றுக்காக மாறி உட்கார்ந்திருப்பார் என்று எண்ணினேன்.

நாலைந்து நாள் கழித்து, ஆலையில் எடைமேடையில் பணியாற்றிய பழைய சகா ஒருவர் வந்தார். முன்வாசலில் மணி அடிக்காமல் பின்புறச் சந்து வழியாக வந்தார். முழங்கால் வலியைப் பற்றி வெகுநேரம் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். கையில் இருந்த துணிப்பையில் ஏதோ ஒரு புட்டி இருப்பது தெரிந்தது.

"தேய்க்கத்தாம்பா. மூட்டுக்கு நல்லதுன்னு சொல்றாங்க. உங்கிட்டன்னா சுத்தமா இருக்கும். நீ எதுலயும் கலப்படம் பண்ற ஆளில்ல."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்து நின்றேன்.

"நான் என்ன செய்கிறேன் என்று நினைத்து வந்திருக்கிறீர்?"

"கோச்சுக்காதப்பா. ஊர்ல பேசிக்கிறாங்க. ஆலையிலருந்தே சரக்கு வருதாம், பழைய பழக்கத்துல கொடுத்துக்கினு இருக்காங்களாம். நான் நம்பல. ஆனா சர்வீஸ்ல இருக்கச்சொல்லயும் அப்படித்தான் இருந்திருக்குமோன்னு சில பேரு..."

மீதியைச் சொல்ல நான் விடவில்லை. கையைப் பிடித்து அழைத்துச் சென்று, பீப்பாயின் மூடியைத் திறந்து, உள்ளே கட்டித் தொங்கவிட்டிருந்த இரும்பைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"இரும்பு எதுக்குப்பா? காட்டம் ஏறவா?"

வெளியே போகச் சொன்னேன். போனார். என் வாழ்நாளில் வீட்டுக்கு வந்த ஒருவரை அப்படி அனுப்பியது அதுவே முதல் முறை. அதற்காக வருந்தவில்லை. ஆனால் "சர்வீஸ்ல இருக்கச்சொல்லயும்" என்ற அந்த வார்த்தை முள்ளாகத் தைத்துவிட்டது. வீட்டில் ஊறல் இருக்கிறது என்று பேசினால் பேசிவிட்டுப் போகட்டும். பீப்பாயைக் காட்டி மறுக்கலாம். ஆலையில் நான் காத்த காவலை எதைக் காட்டி நிறுவுவது? போகாத ஒரு கரண்டியை யாருக்கு எடுத்துக் காட்ட முடியும்?

அன்று மாலை மனைவியும் கேட்டாள்.

"இன்னாங்க, எதிர் வூட்டு அம்மா என்னப் பாத்தா தலையக் குனிஞ்சிகினு போறாங்க. நீங்க வெளிய இன்னா பேசி வச்சீங்க?"

"உள்ளதைத்தான் பேசினேன்."

"உள்ளதப் பேசினா ஏன் தலையக் குனியப் போறாங்க? காருக்கு ஊற வச்சிருக்கேன்னு சொல்ல வேண்டியதுதான? ஊறலு ஊறலுன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சா?"

ஊற வைத்திருப்பதும் ஊறலும் ஒன்றே என்று சொன்னேன். அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் மதுவிலக்குப் போலீசார் வந்தார்கள். உதவி ஆய்வாளர் ஒரு பெண்; வயதில் இளையவர், பேச்சில் மரியாதை இருந்தது. உடன் வந்த ஏட்டு நடுவயதுக்காரர். ஜீப் வீட்டு வாசலில், ஸ்டாண்டின் மேல் நின்ற என் காரின் மூக்கோடு மூக்கு உரசும்படி வந்து நின்றது. தெருவில் கதவுகள் திறந்தன.

"சார், ஒரு தகவல் வந்துச்சு. பாத்துட்டுப் போயிடறோம்" என்றார் உதவி ஆய்வாளர்.

"தாராளமாகப் பாருங்கள். அது உங்கள் கடமை" என்று பின்புறம் அழைத்துச் சென்றேன்.

ஏட்டு மூடியைத் தூக்கினார். கண்ணை மூடி ஒரு முறை முகர்ந்தார்.

"ஊறல்தான் மேடம். நல்லா பழுத்திருக்கு."

"ஊறல்தான்" என்றேன் நானும்.

"ஐயோ, அந்த வாய வச்சிகினு சும்மா இருக்க மாட்டீங்களா?" என்று பின்னாலிருந்து மனைவி அலறினாள்.

ஏட்டு ஒரு குச்சியை உள்ளே விட்டுக் கிளறினார். உள்ளே இரும்பு மோதிச் சத்தம் கேட்டது. அவர் முகம் மாறியது.

"மேடம், உள்ள இரும்பு போட்டிருக்காரு. காட்டத்துக்காகப் பேட்டரி, ஆணின்னு இன்னான்னாவோ போடுவானுங்க. ஆனா இம்மாம் பெரிய இரும்ப என் சர்வீஸ்ல நான் பாத்ததில்ல!"

நான் குற்றமற்றவன் என்பதற்கு எது சாட்சியோ அதுவே என் குற்றத்துக்கும் சாட்சியாகிவிட்டது. கோபத்தை அடக்கிக்கொண்டு, ஒரு கம்பியைப் பிடித்து ஸ்பிரிங் தகடு ஒன்றை மேலே தூக்கினேன். கரைசலுக்குள் மூழ்கியிருந்த பாதி, துருவின் சுவடே இல்லாமல் மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தது. கரைசலுக்கு வெளியே நின்ற பாதி பழையபடி செதில் உதிர்ந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் அளவுகோல் வைத்துக் கிழித்தது போல ஒரு கோடு. அதைக் குழாயடியில் கழுவி உதவி ஆய்வாளரிடம் நீட்டினேன். அவர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாசலில் நிற்கும் காரைப் பற்றியும், அடித்தகட்டைப் பற்றியும், வெல்லப்பாகு துருவைப் பற்றுகிற விதத்தைப் பற்றியும் நான் விரிவாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நான் நம்பறேன் சார். கேஸ் எதுவும் இல்ல. ஆனா புளிச்ச வெல்லத் தண்ணி. இத வச்சிருக்க வுட முடியாது. கொட்டிடணும்."

"டேங்க் பட்டிகள் இன்னும் ஊற வேண்டும்."

"சார்."

"சரி. தோட்டத்தில், அந்தத் தென்னையடியில் கொட்டிவிடுங்கள்."

ஏட்டு குறுக்கிட்டார். "தென்னை பட்டுப்பூடும் சார். அதுவும் இல்லாம, கொட்டறத போட்டோ எடுக்கணும். இங்க வெளிச்சமே இல்ல. வாசல்ல சாக்கடை இருக்குது இல்ல, அங்க ஊத்திடலாம்."

அப்போதுதான் என் நிலைமை எனக்கு முழுதாக உறைத்தது. வழக்கு இல்லை என்கிறார்கள். ஆனால் வழக்கு உள்ளவனுக்குச் செய்வதை என் வாசலிலேயே செய்யப் போகிறார்கள். தெருவில் உள்ளவர்கள் காதில் தீர்ப்பு விழாது; கண்ணில் ஊறல் கொட்டுவது மட்டும்தான் விழும்.

"மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புங்கள். முடிவு வரும் வரை பீப்பாய்க்கு முத்திரை வைத்துவிடுங்கள்" என்றேன்.

"சார், கேஸ் போட்டாத்தான் சாம்பிள் அனுப்ப முடியும். போடட்டுமா?"

போடுங்கள் என்று சொல்லத்தான் என் நாக்கு எழுந்தது. நிரபராதி என்று ஓர் ஆய்வுக்கூடம் சொல்வதை நான் விரும்பினேன்; ஆய்வுக்கூடத்தில் வாழ்ந்தவன் வேறு எதை விரும்புவான்? அதற்குள் மனைவி முன்னால் வந்துவிட்டாள்.

"கொட்டுங்கம்மா. நீங்க கொட்டுங்க. இவருக்கு ஒண்ணும் தெரியாது."

அந்தக் கடைசி வாக்கியத்தையும் நான் இன்றுவரை மறக்கவில்லை.

பீப்பாயை உருட்டி வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். கவிழ்த்தார்கள். கறுத்த நுரை சாக்கடையில் நிறைந்து, எதிர் வீட்டு வாசலைத் தாண்டி, தெருக்கோடி வரை ஓடியது. ஏட்டு கைப்பேசியில் படம் எடுத்தார். படத்தில் என் காரும் இருந்தது, நானும் இருந்தேன். பாகங்களை நான் ஒவ்வொன்றாகக் கழுவி, பானெட்டின் மேல் வெள்ளைத் துண்டை விரித்து அதில் அடுக்கினேன். கூடியிருந்தவர்களை அழைத்தேன். இது காரின் அடிப்பாகம், இது துரு, இது துரு நீங்கிய இரும்பு என்று நிதானமாகவும் முறையாகவும் எடுத்துச் சொன்னேன். நல்ல கவனத்தோடு கேட்டார்கள். முடித்ததும் எதிர் வீட்டுக்காரர் ஒரு தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஊறலு இரும்பையே இப்படிச் சொரண்டி எடுத்துடுதே! அப்ப அதக் குடிக்கிறவன் கொடலு இன்னா ஆவும்? சாரு நல்ல பாடம் காட்டிட்டாருப்பா."

எல்லாரும் தலையாட்டினார்கள். நான் மது ஒழிப்புப் பிரசாரம் செய்ததாகவே அந்தக் கூட்டம் கலைந்தது.

இதற்கிடையில் டிங்கர் நான் சொன்னபடியே பின்வாசல் வழியாக வந்தாராம். ஜீப்பைப் பார்த்ததும் சந்திலேயே திரும்பிப் போய்விட்டாராம். வாரக்கணக்கில் ஆள் வரவில்லை. கைப்பேசியையும் எடுக்கவில்லை. பட்டறைக்கே போய்ப் பிடித்தேன்.

"பயந்துட்டேன் சார். உங்க வாயில எம் பேரு வந்துடுமோன்னு."

"என் வாயில் உண்மை மட்டும்தான் வரும்."

"அதுக்குத்தான் சார் பயந்தேன்."

அதற்குள் கழுவி வைத்த பாகங்களில் மீண்டும் செம்மை படரத் தொடங்கியிருந்தது. துரு நீங்கிய இரும்பு உடனே பூச்சு பெறாவிட்டால் காற்றிலேயே மறுபடி துருப்பிடிக்கும். அத்தனையையும் உப்புத்தாளால் மீண்டும் தேய்க்க வேண்டியதாயிற்று. ஊறி முடியாத டேங்க் பட்டிகளைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டினோம். டிங்கர் ஈரத்தின் மேலேயே ரெட் ஆக்சைடைப் பூசக் கிளம்புவார், நான் தடுப்பேன். "காஞ்சிடும் சார்" என்பார். காய்ந்த பிறகு பூசுங்கள் என்பேன். இப்படியே நாள்கள் போயின. அவர் சாப்பிடப் போன நேரத்தில் நானே கோணியை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, வடிதுளைகள் ஒவ்வொன்றையும் கம்பியால் குத்தித் தார் நீக்கினேன். ஒரு துளையிலிருந்து பழுப்பு நீர் என் கண்ணாடி மேல் வடிந்தது. பழைய மழையெல்லாம் அதில் இருந்தது போலும். பிறகு தகட்டில் இரண்டு முறை ரெட் ஆக்சைடு. அது இறுகியதும் கல்லடி தாங்கும் கறுப்புப் பூச்சு. பெட்டிகளுக்குள்ளே மெழுகைக் கியர் ஆயிலில் உருக்கி ஊற்றினோம். வேலை நன்றாக முடிந்தது. இதை நான் சொல்லக் கூடாது; ஆனால் சொல்வதற்கு வேறு ஆளில்லை.

பெயருக்கு அத்தகைய பூச்சு ஒன்றும் கிடைக்கவில்லை. தெருவில் என்னைக் குற்றவாளி என்று இப்போது யாரும் நினைக்கவில்லை. ஆலையில் பாகு போனதாகப் பேசியவர்களும் அடங்கிவிட்டார்கள் என்று சொல்கிறார்கள். ஆனால் பார்சல் கொண்டுவந்த ஒருவர் தெருமுனையில் என் பெயரைச் சொல்லிக் கேட்டபோது யாருக்கும் தெரியவில்லையாம். அடையாளம் சொன்னதும், "ஓ, ஊறல் சார் வூடா?" என்று நேராக அனுப்பி வைத்திருக்கிறார்கள். அவரும் அதை வாசலில் நின்று என்னிடமே உறுதிப்படுத்திக்கொண்டார். கையெழுத்தை என் முழுப்பெயரில், எழுத்தெழுத்தாகப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துப் பார்க்கவில்லை.

பதிவு ஆய்வுக்குக் கொண்டுபோகுமுன் புதிய பூச்சைச் சேற்றிலும் கல்லிலும் ஓட்டிப் பார்க்க விரும்பினேன். மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் புறப்பட்டேன். மலையடிவாரத்தில் போலீசார் வண்டிகளை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். மேலே வெல்லம் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். எனக்கு முன்னால் நின்ற வேனில் அரிசி மூட்டையைக் கூட அவிழ்த்துப் பார்த்தார்கள். என் முறை வந்தபோது ஜன்னலில் குனிந்தவர் அதே ஏட்டு.

"அட, நம்ம ஊறல் சாரு! தடுப்பத் தூக்குப்பா. பெரியவரு நம்ம ஆளுதான், வுடு வுடு."

தடுப்புக் கம்பம் உயர்ந்தது. நான் எஞ்சினை அணைத்தேன், இறங்கினேன், டிக்கியைத் திறந்து வைத்தேன்.

"பாருங்கள்" என்றேன்.

"சார், உங்களப் போய் யாரு சந்தேகப்படப் போறாங்க?"

"சந்தேகப்படாமல் அனுப்பினால் சரி. அந்தப் பெயரைச் சொல்லி அனுப்புகிறீர்களே, அதை நான் ஏற்கமாட்டேன். மற்றவர்களைச் சோதித்தது போல என்னையும் சோதியுங்கள்."

பின்னால் வெள்ளிமலைப் பேருந்து வந்து நின்று ஹார்ன் அடித்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னா பெருசு, வண்டி படுத்துக்கிச்சா? எறங்கித் தள்ளட்டுமா?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஏட்டு டிக்கியைப் பார்த்தார். பின்னிருக்கையைத் தூக்கிப் பார்த்தார். போதுமா என்பது போல என்னைப் பார்த்தார். என் பையிலிருந்த டார்ச்சை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"கீழேயும்."

"சேறா இருக்குது சார்."

"சேற்றில் பார்ப்பதற்காகத்தான் வந்திருக்கிறேன்."

ஹார்ன் மீண்டும் ஒலித்தது. ஏட்டு பெருமூச்சு விட்டு, ஒரு கையைப் பம்பரில் ஊன்றி, முழங்காலைச் சேற்றில் வைத்துக் குனிந்தார். டார்ச்சின் வெளிச்சம் வண்டிக்கு அடியில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய் வந்தது. என் வண்டியின் அடித்தகட்டை முழுதாகப் பார்த்த முதல் அரசு ஊழியர் அவர்தான். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"ஒண்ணுமே இல்ல சார். பளபளன்னு இருக்குது."

"ஒன்றுமில்லை என்பதை எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்."

அவர் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு பேருந்தின் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, மலையடிவாரம் முழுவதும் கேட்கும்படி கூவினார்.

"ஊறல் சார் வண்டியில ஒண்ணும் இல்லப்பா!"

பேருந்தில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள்.